சந்தை வண்டி வழியில் நின்றால்

சனிக்கிழமை இரவு பதினொரு மணி. வண்டியில் இருநூறு கட்டுக் கீரை, ஆறு பெட்டித் தக்காளி, இரண்டு மூட்டை முருங்கைக்காய், கொஞ்சம் கொத்தவரை. ஐந்து பேர் தோட்டத்துக் காய். விடிவதற்குள் கோவை போய்ச் சேர்ந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையில் கடை விரிக்க முடியும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பினோம், இன்னொரு 'டிக்'. நான்கு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். வண்டியில் முக்கால் டன் பாரம், களத்து மேட்டில் ஏற்றம். நகரவில்லை.

பேட்டரி போய்விட்டது என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். காலை ஒன்பது மணிக்கு ஒரு பையன் வந்தான். பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, கிளாம்பைக் கையால் பிடித்து ஆட்டினான். ஆடியது. "அண்ணா, டெர்மினல் லூசா இருக்குதுங்க" என்று சொல்லி, பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்து ரெண்டு திருகு திருகினான். வண்டி கிளம்பிவிட்டது. கீரை மாட்டுக்குப் போனது. தக்காளியைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் கிடைத்த விலைக்குக் கொடுத்தோம். வாராவாரம் நம்மிடம் வாங்குகிறவர்கள் அன்றைக்குப் பையோடு வந்து வெறுங்கையோடு திரும்பியதுதான் பெரிய நட்டம்.

நாமெல்லாம் மருந்துக் கடைக்காரர் சொன்னதை வாங்கி அடித்த காலத்தை விட்டு வந்தவர்கள். இலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். மஞ்சளாவது கீழ் இலையா, குருத்தா, நரம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வேலை செய்கிறோம். அதே கண்ணை வண்டிப் பக்கம் மட்டும் திருப்பாமல் விட்டுவிட்டோம். வண்டி நின்றால் 'பேட்டரி போச்சு', 'பம்ப் போச்சு' என்று பெரிய நோயையே முதலில் நினைக்கிறோம். நான் பார்த்த வரைக்கும் வழியில் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் சின்னக் கோளாறுதான். வரிசையாகப் பார்க்கத் தெரியணும், எதைத் தொடக்கூடாது என்றும் தெரியணும்.

முதலில் உங்கள் வண்டி எந்தக் காலத்து வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் சிறு உழவர்கள் கையில் நாலு சக்கர பாரவண்டி என்பது சாதாரணமானது. நம்ம ஊரில் அதற்குக் குட்டி யானை என்றே பெயர். பொலேரோ பிக்கப், தோஸ்த் என்று பலதும் உண்டு. பழைய வண்டிகளில் டீசல் பம்ப் முழுக்க இயந்திர வேலை. டீசல், காற்று, அழுத்தம் மூன்றும் இருந்தால் ஓடும். புது வண்டிகள், முக்கியமாக 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள், காமன் ரெயில் டீசல் முறையில் ஓடுகின்றன. கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் உண்டு. கீழே சொல்கிற பலதும் இரண்டுக்கும் பொது. எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவரை வண்டிக்கு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான். லைட் ஒரேயடியாக அணைந்துபோனால் டெர்மினல் லூசு, இல்லை பேட்டரி அடியோடு காலி. லைட் மங்கி, செல்ஃப் முனகி முனகிச் சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு. லைட் பிரகாசமாகவே நிற்கிறது, செல்ஃப் அசையவே இல்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. செல்ஃப் மோட்டார், அதன் ரிலே, அதற்குப் போகிற வயர் இவற்றில் ஏதோ ஒன்று. இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அன்றைக்கு இரவு எங்களுக்கு இது தெரிந்திருந்தால் கீரை கோவை போயிருக்கும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும். வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் கிளாம்புக்கு உள்ளே கறுப்பாகப் படிந்திருக்கலாம். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றணும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும். காரணம் எளிது. வண்டி உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக் கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உப்புத்தாளால் ஈய முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசிவிடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. மண் பரிசோதனைக்குச் செலவழிக்கிறோம், இதையும் வாங்கி வையுங்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே இறங்கிவிட்டால் செல்ஃப் அடிப்பது சந்தேகம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டணும். ஓடும்போதும் 12.3, 12.4 என்றே நின்றால், நாம் டைனமோ என்று சொல்கிறோமே அது சார்ஜ் செய்யவில்லை, அல்லது அதன் பெல்ட் வழுக்குகிறது. அப்போது புது பேட்டரி மாட்டினாலும் இரண்டு நாளில் அதுவும் படுத்துவிடும். ஒரே ஆண்டில் மூன்று பேட்டரி மாற்றிய நண்பர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். பெல்ட் இளகியிருந்ததை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய முனையிலும், இன்னொன்றை அதே முனையில் மாட்டியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன, மீட்டர் சுழியத்தை ஒட்டியே இருக்கணும். அரை வோல்ட் காட்டினால் அங்கே தொடர்பு சரியில்லை. மீட்டர் இல்லையென்றால் நாலைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டுக் கிளாம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கேதான் மின்சாரம் வீணாகிறது. இதே சோதனையை இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கிற எர்த் பட்டைக்கும் செய்யலாம். சேற்றிலும் சாணித் தண்ணியிலும் ஓடுகிற நம் வண்டிகளில் அந்தப் பட்டைதான் முதலில் துருப்பிடிக்கிறது.

இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புகிறவர்கள், பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் கொடுத்துவிட்டு, நெகட்டிவை நல்ல பேட்டரியில் மாட்டி, அதன் மறுமுனையைப் படுத்த வண்டியின் இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலேயே மாட்டினால் கடைசித் தொடுதலில் வரும் பொறி, பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜனில் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

செல்ஃப் சுற்றுது, வண்டி பிடிக்கல

இப்போது பின்னால் போய் சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் இன்ஜினுக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வந்து டீசல் வாடை அடித்தால் டீசல் போகிறது, எரியவில்லை. மார்கழிக் காலையில் இப்படி வந்தால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கணும். சாவியை ஆன் செய்து, டேஷ்போர்டில் சுருள் மாதிரி இருக்கிற விளக்கு அணைகிற வரைக்கும் பொறுத்துச் செல்ஃப் அடிக்கணும். அந்தப் பொறுமை பல பேருக்குக் கிடையாது. விளக்கு எரிந்தவுடனே அடித்துவிட்டு, வண்டி மேல் பழி போடுவார்கள்.

ஓடும்போது வரும் புகையும் பேசும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அது பெரிய வேலை. ஏர் ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு தார் ரோட்டு வண்டிக்கு. நம் வண்டி கதிரடிக்கும் களத்திலும் செம்மண் தடத்திலும் ஓடுகிறது. எங்கள் வண்டியில் மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்கிறோம். இருட்டில் உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் கசியணும். கசியாத இடம் அடைத்திருக்கிறது. காற்றடிப்பதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. பஞ்சர் கடை காற்றை முழு வேகத்தில் அடித்தால் தாள் கிழிந்துவிடும். கிழிந்த ஃபில்டர் அடைத்த ஃபில்டரைவிட ஆபத்து. புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். கழுவுவது அறவே வேண்டாம்.

டீசல் போகவில்லை என்று தெரிந்தால் முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். முள் வேலை செய்யாத வண்டிகள் நம்மிடம்தான் அதிகம். ஒருமுறை டேங்க் காய்ந்து நின்றுவிட்டால், டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் காற்று நின்றுவிடும், ஏர் லாக். கிணற்று மோட்டார் காற்று இழுத்துவிட்டால் ஃபுட் வால்வு வரைக்கும் தண்ணீர் நிறைத்துத்தானே ஓட்டுகிறோம், அதே கதைதான்.

பழைய இயந்திர பம்ப் வண்டியில் டீசல் ஃபில்டர் தலையில் ஒரு சின்ன ஸ்குரூவும், பக்கத்தில் அழுத்துகிற ஹேண்ட் பம்பும் இருக்கும். ஸ்குரூவை ரெண்டு சுற்று தளர்த்தி, கீழே துணி வைத்து, ஹேண்ட் பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை நுரையாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வழிய ஆரம்பித்ததும், வழியும்போதே ஸ்குரூவை முடுக்குங்கள். ஹேண்ட் பம்ப் கல் மாதிரி இறுகுகிற வரைக்கும் இன்னும் கொஞ்சம் அழுத்தி, செல்ஃப் அடித்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு அடியுங்கள், இல்லையென்றால் மோட்டார் வெந்துவிடும்.

டீசல் தீராமலேயே ஏர் லாக் திரும்பத் திரும்ப வருகிறதா? இரவு நின்றால் காலையில் பிடிக்க மறுக்கிறது, ஹேண்ட் பம்ப் அடித்தால் பிடிக்கிறது என்றால், டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. ரப்பர் ஹோஸில் விரிசல், இளகிய கிளிப், தேய்ந்த செம்பு வாஷர். டீசல் வெளியே சொட்டணும் என்று அவசியமில்லை. டீசலைக் கசிய விடாத துளைகூடக் காற்றை உள்ளே விடும்.

தண்ணீர் கலந்த டீசல் இன்னொரு தொல்லை. ஃபில்டரின் அடியில் திறப்பு இருந்தால் அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். மழைக்காலத்தில் திறந்த கேனில் டீசல் வைத்து ஊற்றுகிறவர்கள் இதை வாரம் ஒருமுறை செய்யணும்.

காமன் ரெயில் வண்டிக்காரர்கள் இங்கே நின்றுவிடுங்கள். ஃபில்டர் வரைக்கும்தான் நம் எல்லை. அதற்கு அப்பால் நாசிலுக்குப் போகிற இரும்புக் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். டிராக்டர் டயரில் நாம் அடிக்கிற காற்று ரெண்டு பாருக்குள்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும்போது அந்தக் குழாயைத் தளர்த்தினாலோ கசிவைக் கையால் தடவிப் பார்த்தாலோ டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினது போல்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் வலியே இல்லையென்றாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போகணும். பழைய வண்டிகளிலும் நாசில் பீய்ச்சுகிற இடத்தில் கையை நீட்டாதீர்கள்.

புது வண்டி பற்றி இன்னொரு செய்தி. புகைக் குழாயில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கும். அது தானாகவே சூடாகிக் கரியை எரித்துக்கொள்ளும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் அந்தச் சூடு வராது, அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். விளக்கு எரிந்தவுடனே பெரிய ரோட்டில் இருபது முப்பது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓட்டி வந்த சூட்டோடு வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். சில வண்டிகளுக்கு டீசலோடு தனியாக ஒரு நீலமூடித் தண்ணீரும் ஊற்றணும். அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். யூரியாவை வயலிலிருந்து விரட்டிவிட்டு வண்டிக்கு வாங்குகிறோமே என்று எங்கள் குழுவில் ஒருவர் வருத்தப்பட்டார். பழைய யூரியா மூட்டை வீட்டில் கிடந்தால் அதைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். உர யூரியாவில் இருக்கிற கசடும் பூச்சும் அந்த அமைப்பையே கெடுத்துவிடும், மாற்றும் செலவு ஒரு பசுமாட்டு விலை.

முள் மேலே ஏறுது

நம் பக்கத்து வண்டிகள் கொதிப்பதற்கு முக்கியக் காரணம் போர் தண்ணீர். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டு ஒரு வரிசைச் செடி வாடுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ரேடியேட்டர் உள்ளே இருப்பதும் அதுபோல மெல்லிய குழாய்கள்தான். அதே தண்ணீரை அதில் ஊற்றி, மேலே சூடும் வைத்தால் உப்பு இன்னும் வேகமாகப் படியும். சொட்டுநீருக்கு அமிலம் விட்டுக் கழுவுகிற மாதிரி ரேடியேட்டருக்கும் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அலுமினியம் அரித்துவிடும். கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் புத்தகத்தில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. வழியில் வேறு வழியில்லை என்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் ஊர் வந்ததும் வடித்துவிடணும்.

முள் சிவப்பை நெருங்கினால் ஏசி இருந்தால் அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், உங்களுக்கு வியர்க்கும், இன்ஜினுக்கு ஆறும். ஆவி வந்துவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். மூடியைத் தொடாதீர்கள். மூடி அழுத்தம் கொடுத்து அடக்கி வைத்திருப்பதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் எல்லாம் ஒன்றாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவு ஆறின பிறகு, சாக்கு வைத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கணும். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

ஆறினதும் பார்க்க வேண்டியவை: தண்ணீர் குறைந்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது ஈரமாக இருக்கிறதா, பெல்ட் இருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகணும். ரேடியேட்டர் முகத்தில் வைக்கோல் தூசும் பூச்சியும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கமிருந்து வெளியே தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தால், டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். கேஸ்கட்டோடு போகிற செலவு, ஓட்டினால் இன்ஜினுக்கே வந்துவிடும்.

மலை இறக்கம்

கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. அங்கேயிருந்து வாழைக்காயும் சாமையும் ஏற்றி வருகிற வண்டிகள் காரவள்ளியில் வந்து நிற்கும்போது டயர்ப் பக்கம் போய் மோந்து பாருங்கள், கருகின வாடை அடிக்கும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்று பெரியவர்கள் சொல்வது டீசல் மிச்சத்துக்காக அல்ல. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடாகிப் பிடிமானம் குறையும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. புது டாட்-3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது. பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும். அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

பிரேக்கில் நாம் செய்ய வேண்டியது பார்ப்பது மட்டும். நான் மற்ற வேலையெல்லாம் செய்வேன், இதைப் பிரிக்க மாட்டேன். புறப்படும் முன் இன்ஜினை ஓட விட்டு, பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று. இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் லைனிங் தேய்ந்திருக்கலாம். பின்சக்கரத்தின் உள்பக்கம் டயரில் ஈரக்கோடு தெரிந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. இதில் எது இருந்தாலும் பாரம் ஏற்றாமல், மெதுவாக, சமதளத்தில் மட்டும் பட்டறைக்குப் போகணும். மலைக்குப் போகக்கூடாது. பிரேக் ஆயில் குறைந்தால் இன்ஜின் ஆயிலை ஊற்றி ஒப்பேற்றுகிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. ரப்பர் சீல் எல்லாம் ஊதி உப்பிவிடும், முழுவதையும் மாற்றணும்.

கிளட்ச் பற்றி ஒரே வரி: ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் கூடுகிறது, வண்டி வேகம் கூடவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது; முதலில் பெடலில் விளையாட்டு இருக்கிறதா பாருங்கள், அது சரி செய்தாலே சில நேரம் போதும். பாரம் பற்றியும் ஒரே வரிதான், கமான் பட்டைக்குக் கூடுதலாக ஒரு பட்டை போட்டால் வண்டி தாங்கும், பிரேக்கும் ஆக்சிலும் டயரும் தாங்காது.

எலியை மட்டும் விட முடியாது. வண்டியை வைக்கோல் கொட்டகைக்குள் நிறுத்துகிறவர்கள் வீட்டில் வயர் கடிபடுவது நிச்சயம். ஒருமுறை எங்கள் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நிலக்கடலைத் தொலியோடு குடும்பமே இருந்தது. நொச்சித் தழை, புகையிலை, வேப்பெண்ணெய் எல்லாம் வைத்துப் பார்த்தேன். நொச்சியைக் கூட்டுக்கு மெத்தையாக்கிக்கொண்டன. திறந்த வெளியில் நிறுத்திப் பானெட்டைத் திறந்து வைத்ததுதான் பலித்தது, எலிக்கு வெளிச்சமும் காற்றும் பிடிக்கவில்லை. வயர் கடிபட்டு ஃபியூஸ் போனால், செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

கீழே படுக்கும் முன், வடித்த பிறகு

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, தூக்கின பக்கம் சேசிஸுக்குக் கீழே கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரம் கட்டையில் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

ஆயில் நாமே மாற்றுகிறோம் என்றால் வடித்த ஆயிலுக்கும் நாமே பொறுப்பு. வேலிக் கம்பத்தில் கரையானுக்குப் பூசுவது, தென்னை அடியில் ஊற்றுவது, பூச்சி விரட்டுவதற்குத் தெளிப்பது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. இன்ஜினில் வெந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் உலோகத் துகளும் இருக்கின்றன. மண்புழுவுக்காக உழவையே குறைத்த மண்ணில் அதை ஊற்றலாமா? வந்த கேனிலேயே பிடித்து மூடி, பழைய ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுங்கள். நாங்கள் நான்கைந்து வண்டிக்குச் சேர்த்துக் கொடுக்கிறோம். கூலண்ட் இன்னும் ஆபத்து. பெரும்பாலான கூலண்ட் இனிக்கும், விஷமும்கூட. திறந்த தட்டில் வைத்துவிட்டுப் போனால் நாயோ கன்றோ நக்கிவிடும்.

எங்கள் வண்டியில் இப்போது ஒரு பழைய அரிசிப் பை இருக்கிறது. அதில் எட்டு முதல் பத்தொன்பது வரை ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர், மல்டிமீட்டர், டார்ச், ஒரு டீசல் ஃபில்டர், ஒரு பெல்ட், நாலு ஹோஸ் கிளிப், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், உப்புத்தாள், சாக்கு. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று சந்தைக்குப் போகும் முன் ஒருவர் பார்க்கணும் என்று முறை வைத்திருக்கிறோம். பையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கிறது. யார் எதை மாற்றினாலும், எத்தனை கிலோமீட்டரில் என்று அதில் எழுதணும். வண்டியை ஐந்து குடும்பம் மாற்றி மாற்றி ஓட்டுவதால், அந்த நோட்டு இல்லாவிட்டால் ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மறுபடி மாற்றுவார், இல்லை யாருமே மாற்ற மாட்டார்கள். போன வாரம் அதில் கடைசியாக எழுதியிருந்தது: 'பின் இடது டயர் உள்பக்கம் ஈரம். பாரம் ஏற்ற வேண்டாம். திங்கள் காலை பட்டறை.' அந்த ஞாயிறு சந்தைக்கு வாடகை வண்டி பிடித்துப் போனோம்.